விக்கினால் யார் நினைக்கிறார்கள்?

விக்கல் வந்தால் யாரோ நம்மை நினைத்துக்கொள்கிறார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம். டில்லிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பஞ்சாபிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள் என்று. 2023-ஆம் வருஷம் கார்த்திகை மாசம் எனக்கு ராத்திரி வேளைகளில் விக்கல் மாதிரி ஒன்று வர ஆரம்பித்தபோது, எதிர் போர்ஷன் பஞ்சாபி அம்மாள் என் மனைவியிடம், "பாயி ஸாபை யாரோ ரொம்பவும்தான் நினைக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பத்து நாள் முன்புதான் என் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள்.

இதை எழுதச் சொன்னவர்கள் சங்கத்து நண்பர்கள். நம் சங்கத்தில் சட்டைக்குள் இந்தப் பெட்டியோடு உலாவுகிறவர்கள் எத்தனை பேர் என்பது, கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போதுதான் வெளியே வருகிறது. நான் டாக்டர் அல்ல. மத்திய அரசாங்கத்தில் கோப்பு எழுதியே ஓய்வு பெற்றவன். எனக்கு நேர்ந்ததையும், அதன் பிறகு டாக்டர்களை நச்சரித்தும் புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

1970-ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய நாள் முதல் எனக்குக் கரோல் பாக்தான். முதலில் டபிள்யூ.ஈ.ஏ. பகுதியில் நாலு பேராக ஒரு பர்ஸாத்தி அறை, கல்யாணமானதும் அதே தெருவில் ஒரு போர்ஷன். என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஜனக்புரி, மயூர் விஹார், நொய்டா என்று போய்விட்டார்கள். நான் போகவில்லை. என் பிள்ளைகள் இருவரும் படித்தது பூசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அதே பூசா ரோட்டில்தான், ஒரு நாள் காலை, கையில் கறிகாய்ப் பையோடு கீழே விழுந்தேன். கண் விழித்தபோது ஒரு ரிக்‌ஷாக்காரர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தார்கள். நிமிஷத்துக்கு 34.

இதயத்துக்குள் இரண்டு மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் மாடியில் ஒரு சிறு திசுக்கூட்டம் தானாகவே மின்துடிப்பை உண்டாக்குகிறது. அது நடுவில் ஒரு சாவடியைக் கடந்து கீழ் மாடிக்கு வந்தால்தான் ரத்தம் உடம்புக்குப் போகும். எனக்கு அந்தச் சாவடி அடைத்துவிட்டது. மேலே அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார், கோப்பு கீழ் செக்‌ஷனுக்கு வருவதில்லை. செக்‌ஷன்காரர்கள் தாங்களாகவே மெதுவாக ஏதோ வேலை செய்கிறார்கள். முப்பத்தெட்டு வருஷம் நான் பார்த்த நிர்வாகம் என் நெஞ்சுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது! இதற்கு மருந்து கிடையாது, பேஸ்மேக்கர்தான் என்றார்கள்.

இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சிறிய பெட்டி. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இரண்டு கம்பிகள், ஒன்று இதயத்தின் மேல் அறைக்கு, ஒன்று கீழ் அறைக்கு. மரத்துப்போக ஊசி மட்டும்தான், மயக்கம் கொடுக்கவில்லை. நடுவில், "மூச்சை நன்றாக இழுங்கள், இருமுங்கள்" என்றார்கள். வயிற்றில் ஏதாவது துடிக்கிறதா என்றும் கேட்டார்கள். இல்லை என்றேன். அந்தக் கேள்வி எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ராத்திரி, படுத்துக் கண்ணயரும் நேரத்தில், வலது விலாவுக்குக் கீழே உள்ளிருந்து யாரோ விரலால் சுண்டுவது போல ஒரு துடிப்பு. நிற்காமல், ஒரே சீராக. சில சமயம் தொண்டை வரை வந்து விக்கலாகச் சத்தம் கேட்கும், பல சமயம் சத்தமே இல்லாமல் வயிறு மட்டும் எகிறும். எழுந்து உட்கார்ந்து நாலு அடி நடந்தால் நின்றுவிடும். படுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி. "ஏன்னா, போர்வை எல்லாம் ஆடறதே!" என்று என் மனைவி விளக்கைப் போட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் நடக்காத வைத்தியம் இல்லை. மூச்சை அடக்கித் தண்ணீர் குடித்தேன். சர்க்கரையை நாக்கில் போட்டுக்கொண்டேன். ஓமம், சுக்கு, மோரில் பெருங்காயம். தையல் பிரிக்கப் போனபோது அங்கிருந்த இளம் டாக்டரிடம் சொன்னேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் துடிக்கவில்லை. "கேஸ்தான், அங்கிள்" என்று மாத்திரை எழுதினார். பெட்டி இடது பக்கம் இருக்கிறது, துடிப்பு வலது பக்கம் வருகிறது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டார். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு வயிற்று டாக்டர். ஸ்கேனில் எல்லாம் சரி. அடுத்து வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

எந்த டாக்டர் முன்னால் போனாலும் அது வருவதில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவர்கள் முகத்தைப் பார்த்தால், கிழவர் பயத்தில் கற்பனை செய்கிறார் என்று நினைப்பது புரிந்தது. தூக்கம் போயிற்று. ராத்திரி பூராவும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இருதயம்தான் கழன்று ஆடுகிறதோ என்று பயம். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பாங்க் கணக்குகள், பென்ஷன் ஆர்டர், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி அலமாரியில் வைத்தேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெங்களூரில் இருக்கும் பையனிடம் இருவருமே சொல்லவில்லை.

எங்கள் மாடியில் மூன்று மலையாள நர்ஸ் பெண்கள் குடியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி இதய வார்டில் வேலை செய்கிறவள். ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, டியூட்டி முடிந்து படியேறிக்கொண்டிருந்தவளை என் மனைவி கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அந்தப் பெண் அவசரப்படவில்லை. "அங்கிள், படுக்கணும். பேசண்டா" என்றாள். கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துடிப்பு ஆரம்பித்தது. ஒரு கையை என் வயிற்றில் வைத்தாள், இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முழுதும் எண்ணினாள்.

"வயிற்றில் 60. நாடியும் 60. இது கேஸ் அல்ல, அங்கிள். கேஸுக்கு எண்ணத் தெரியாது."

மறுநாள் அவள் சொன்னபடி வயிற்று டாக்டரை விட்டுவிட்டு, பேஸ்மேக்கரைச் சோதிக்கும் பிரிவுக்கே போனோம். மடிக்கணினி போல ஒரு கருவி, அதோடு ஒயரில் இணைத்த ஒரு வட்டத் தகடு. அதைச் சட்டைக்கு மேலேயே பெட்டி இருக்கும் இடத்தில் வைத்தார்கள். டெக்னீஷியன் நடுத்தர வயதுக்காரர், பீகார்காரர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என்னைப் படுக்க வைத்தார். துடிப்பு இல்லை. என் நாடி அப்போது 78. "இப்போது பாருங்கள்" என்று எதையோ தட்டினார். மேல் அறையை நிமிஷத்துக்கு 90 தடவை தூண்டும்படி பெட்டிக்கு உத்தரவு. அடுத்த விநாடி என் வயிறு எகிற ஆரம்பித்தது, நிமிஷத்துக்கு 90 வீதம்! பக்கத்தில் நின்ற டாக்டர் குனிந்து கை வைத்துப் பார்த்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக வேறொருவர் அதை நம்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். கழுத்தெலும்பின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்பு வேர்களிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு நரம்புகள் கிளம்பி, நெஞ்சுக்குள் இதயத்தின் உறையை ஒட்டியே இறங்கி, உதரவிதானத்துக்குப் போகின்றன. உதரவிதானம் என்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை. நாம் மூச்சு இழுப்பது அதனால்தான். அந்த நரம்புக்கு ஃப்ரெனிக் நரம்பு என்று பெயர். வலது நரம்பு இதயத்தின் வலது மேல் அறையின் பக்கவாட்டுச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. என் மேல் அறைக் கம்பியின் நுனி அந்தச் சுவர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. மேஜையில் படுத்திருந்தபோது ஓரிடத்தில் இருந்தது, எழுந்து நடமாடிய பிறகு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும் என்றார் டாக்டர். சுவர் மெல்லியது. இதயத்துக்கென்று அனுப்பிய மின்சாரம் சுவரைத் தாண்டி நரம்பையும் தொட்டது. நரம்பு தன் வேலையைச் செய்தது. பெட்டி இடப்பக்கம் இருந்தும் துடிப்பு வலப்பக்கம் வந்ததற்கு இதுவே காரணம்.

டாக்டர்கள் முன்னால் வராததற்கும் காரணம் கிடைத்தது. என் மேல் அறைக்கு ஒரு கோளாறும் இல்லை. அது தானாகவே துடிக்கும்வரை பெட்டி அதைத் தூண்டாது, வேடிக்கைதான் பார்க்கும். நாடி 60-க்குக் கீழே போனால் மட்டும் தூண்டும். படியேறி, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் படபடப்போடு உட்கார்ந்திருக்கும்போது என் நாடி 80. ராத்திரி படுத்துக் கண்ணயரும்போது 60-க்குக் கீழே. அதனால்தான் ராத்திரி மட்டும் விக்கல். எழுந்து நடந்தால் நிற்பதும் அதனால்தான்.

சரி செய்தது கத்தி இல்லாமல். மேல் அறையைத் துடிக்க வைக்க அரை வோல்ட்டே போதும் என்று சோதனையில் தெரிந்தது. பெட்டியோ மூன்றரை வோல்ட் அனுப்பிக்கொண்டிருந்தது. புதிதாக வைத்த சில வாரங்களில் கம்பி நுனியைச் சுற்றிப் புண் ஆறும்போது தேவை கூடலாம் என்பதால், முதலில் தாராளமாகவே வைப்பார்களாம். இரண்டரைக்கு வந்ததும் வயிறு லேசாகத் துடித்தது. இரண்டில் நின்றது. இடது பக்கம், வலது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, உட்கார வைத்து, மூச்சிழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றரையில் நிறுத்தினார்கள். எக்ஸ்ரேயும் எக்கோவும் எடுத்து, கம்பி இதயச் சுவரைத் துளைக்கவில்லை, இதயத்தைச் சுற்றி நீர் கட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை. கஃபார் மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேருக்கு நான் இதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

வோல்ட்டைக் குறைத்தால் தீர்ந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எனக்குத் தொல்லை கொடுத்தது மேல் அறைக் கம்பி, என் உயிர் தொங்குவது கீழ் அறைக் கம்பியில். தொல்லை கொடுப்பது கீழ்க் கம்பியாக இருந்தால் விஷயமே வேறு. அதன் நுனி பெரும்பாலும் உதரவிதானத்துக்கு நேர் மேலே இருக்கிறது. நரம்பில்லாமலே தசையை நேராக எகிற வைக்கும். துடிப்பை நிறுத்துவதற்காக அங்கே வோல்ட்டை மிகக் குறைத்துவிட்டால், ஒரு நாள் இதயத்துக்கே போதாமல் போய்விடும். தேவைக்குக் குறைந்தது இரண்டு மடங்காவது கையிருப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு இடிக்கும்போது கம்பியையே இடம் மாற்றுவார்கள்.

என் பழைய அலுவலக நண்பர் ஒருவர், ஜனக்புரியில் இருக்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அவருக்கு வைத்து சில மாதங்களில் முதலில் வயிறு துடித்ததாம். அதுவும் கேஸ் என்றே போயிற்று. பிறகு அது தானாகவே நின்று, இடது தோளும் கையும் சுண்டி இழுக்க ஆரம்பித்தது. வாதம் என்று எண்ணித் தைலம் தேய்த்திருக்கிறார். ஒரு வாரம் கழித்துக் குளியலறையில் மயங்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் பார்த்தால், கம்பி பெட்டியைச் சுற்றி ராட்டையில் நூல் போலச் சுற்றியிருந்தது. மனிதருக்கு டி.வி. பார்க்கும்போதெல்லாம் தோலுக்கடியில் இருக்கும் பெட்டியை விரலால் திருகிக்கொண்டிருக்கும் பழக்கம்! அவர் அறியாமலே கம்பி இதயத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே இழுபட்டு, போகிற வழியில் முதலில் உதரவிதான நரம்பையும், பிறகு கைக்குப் போகும் நரம்புக் கூட்டத்தையும் தட்டிக்கொண்டே போயிருக்கிறது. 1968-லேயே கனடாவில் டாக்டர்கள் இதை எழுதி, திருகுகிறவர் என்ற பொருளில் 'ட்விட்லர்' நோய் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நண்பருக்கு மறுபடி கம்பி வைத்து, பெட்டியை உள்ளே தையல் போட்டுக் கட்டினார்கள். அவர் கதையைக் கேட்ட அன்று என் கையும் என் பெட்டி மேல்தான் இருந்தது. சட்டென்று எடுத்துவிட்டேன்.

மின்சாரம் சொன்ன இடத்தில் மட்டும் நிற்காது என்பது இந்த வைத்தியம் தோன்றிய நாளிலேயே தெரிந்த சங்கதி. 1952-ல் பாஸ்டனில் பால் ஜோல் என்ற டாக்டர் நெஞ்சின் தோல் மீதே மின்வாய் வைத்து இதயத்தை ஓட்டிக் காட்டினார். இதயம் ஓடியது, ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் நெஞ்சுத் தசை முழுவதும் சுண்டி இழுத்தது. வலி தாங்காது. அதனால்தான் மின்வாயை இதயத்துக்கே கொண்டு போக வேண்டும் என்று முயன்றார்கள். 1958 அக்டோபர் 8-ந் தேதி ஸ்வீடனில் ஓகே சென்னிங் என்ற அறுவை வைத்தியரும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற இஞ்சினீயரும் முதல் பெட்டியை உடம்புக்குள் வைத்தார்கள். அது சில மணி நேரம்தான் வேலை செய்தது. அதை ஏற்றுக்கொண்ட ஆர்னே லார்சனுக்கு அப்போது வயது 43. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 2001 வரை இருந்து, 86 வயதில், இதயத்தோடு சம்பந்தமில்லாத புற்றுநோயால் காலமானார். தனக்கு வைத்த டாக்டரையும் இஞ்சினீயரையும் வழியனுப்பிவிட்டுத்தான் போனார்!

இன்னும் பழைய வேடிக்கை ஒன்று. 1856-ல் கோலிக்கர், முல்லர் என்ற இரு விஞ்ஞானிகள், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேல் ஒரு தவளைக் காலின் நரம்பைப் போட்டார்கள். இதயம் துடிக்கும்போதெல்லாம் கால் உதைத்தது. இதயம் துடிக்கையில் மின்சாரம் பிறக்கிறது என்பதை அந்தக் கால் காட்டிக் கொடுத்தது. என் வலது விலாவுக்குள் மூன்று வாரம் நடந்தது அந்தத் தவளைக் கதைதான்; மின்சாரம் மட்டும் பெட்டியிலிருந்து வந்தது.

இதே நரம்பை வேண்டுமென்றே தூண்டி மனிதரைப் பிழைக்க வைப்பதும் உண்டு. கழுத்தில் அடிபட்டுத் தானாக மூச்சு விட முடியாதவர்களுக்கு, இந்த நரம்பில் மின்வாய் வைத்து மூச்சு வாங்க வைக்கும் முறையை 1960-களில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளென் வளர்த்தார். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவர். 2003-ல் அவருடைய உதரவிதானத்தில் மின்வாய் பொருத்தினார்கள், செயற்கைச் சுவாச யந்திரத்தை விட்டுக் கொஞ்ச நேரமாவது இருக்க முடிந்தது. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த அதே துடிப்பு அவருக்கு மூச்சு.

இப்போது இதயத்தின் இடது பக்கத்துக்கும் சேர்த்து மூன்று கம்பி வைக்கிறார்கள். பலவீனமான இதயத்துக்கு அது நல்ல சிகிச்சை. ஆனால் இடது நரம்பு அந்தப் பக்கச் சுவர் மேலேயே போவதால் இந்த விக்கல் தொல்லை அதில்தான் அதிகம் என்று டாக்டர் சொன்னார். அதற்காகவே ஒரே கம்பியில் நாலு மின்வாய் வைத்து, ஒன்று நரம்பைத் தொட்டால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்களாம். எனவே, உங்கள் வீட்டில் யாருக்காவது பெட்டி வைத்த பிறகு வயிறோ, விலாவோ, தோளோ, கையோ சீராகத் துடித்தால், மோரில் பெருங்காயம் போடுவதற்கு முன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பெட்டியைச் சோதிக்கும் இடத்துக்கே போங்கள். ஒத்துப்போகாவிட்டாலும் சொல்லிவிடுங்கள். எப்போது வருகிறது, எந்தப் பக்கம் படுத்தால் வருகிறது என்று எழுதி எடுத்துப் போவது நல்லது. இப்போது செல்போனில் படம் எடுத்தும் காட்டலாம், எனக்கு அந்த யோசனை அப்போது வரவில்லை. துடிப்போடு தலைசுற்றலும் மயக்கமும் வந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

மெட்ரோ பற்றிப் பலர் கேட்கிறார்கள். கரோல் பாக் ஸ்டேஷனில் பேஸ்மேக்கர் கார்டைக் காட்டினால், கைக்கருவியை நெஞ்சில் வைக்காமல் கையாலேயே சோதித்து விட்டுவிடுகிறார்கள். செல்போனை இடது பையில் மட்டும் வைப்பதில்லை.

மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனபோது அதே பீகார்காரர்தான் இருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பிள்ளைகளைக் காட்டி, "இவர்கள் இதைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை வோல்ட்டை ஏற்றிக் காட்டட்டுமா?" என்று கேட்டார். சரி என்றேன். அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு கையை என் வலது விலாவின் கீழே வைத்துக்கொண்டார்கள். வயிறு எகிறியது. ஒரு பையன் பயந்து கையை எடுத்துவிட்டான்.

"போறும், நிறுத்தச் சொல்லுங்கோ" என்றாள் என் மனைவி.